தம்பி தொலைந்த பதினெட்டாம் பெருக்கு

காணாமல் போன குழந்தையைத் தேடிக்கொண்டு ஓடி வருகிறவர்களிடம் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "என்ன கலர் சட்டை?" என்பதுதான். பெயரை அப்புறம்தான் கேட்பாள். கூட்டத்தில் மிரண்டு நிற்கிற குழந்தை பெயரைச் சொல்லாது, சொன்னாலும் வீட்டில் செல்லமாகக் கூப்பிடுகிற பெயரைத்தான் சொல்லும் என்பாள். சட்டையின் நிறம் தெரிந்துவிட்டால் போதும். மைக்கில் சொன்ன மறு நிமிடம் நாலு பேர் தங்கள் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. புருஷன் நீலம் என்பார், பெண்டாட்டி சிவப்பு என்பாள், இரண்டு பேரும் அங்கேயே நின்று சண்டை பிடிப்பார்கள். அப்போது மட்டும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும்.

"காலையில நீங்கதானே போட்டு விட்டீங்க? பெத்த பிள்ளை என்ன சட்டை போட்டிருக்குன்னு தெரியலைன்னா, நான் எதைச் சொல்லித் தேடுறது?"

அழுதுகொண்டிருக்கிறவர்களிடம் இப்படிப் பேசலாமா என்று எனக்கு அந்த வயதில் தோன்றும். ஆனால் அந்த அதட்டலில் அவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஆடிப் பதினெட்டு அன்று ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறையில் எள் போட்டால் எள் விழாது. படித்துறைக்குப் போகிற வழியில் கீற்றுப் பந்தல் ஒன்று போட்டு, ஒரு மேஜை, ஒரு மைக், மரத்தில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள், இவற்றோடு எங்கள் பகுதி மாதர் சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். மைக் அம்மாவிடம்தான் இருக்கும். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. அந்தக் காலத்தில்தான் இந்தப் பந்தலுக்கு வர ஆரம்பித்தாளாம். பிள்ளை இல்லாத ஏக்கத்தில் ஊர்ப் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சுகிறாள் என்று பேசியிருக்கிறார்கள். பிறகு நான் பிறந்தேன், நாலு வருடம் கழித்துத் தம்பி பிறந்தான். இனி நின்றுவிடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் நிற்கவில்லை. பந்தல் வேலை மட்டுமா? பிரசவ வலி எடுத்த பெண்ணை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போவாள், கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு ரேஷன் ஆபீசில் மனு எழுதிக் கொடுப்பாள். எங்கள் வீடு மாம்பழச்சாலையில் ஒரு சந்துக்குள் இருந்தது. சந்து முனையில் யாராவது தயங்கி நின்றால், தபால்காரர்கூட "அந்தம்மாவைத்தானே பாக்க வந்தீங்க?" என்று வழிகாட்டிவிட்டுப் போவார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருடம் மேலே நல்ல மழை. காவிரி இரு கரையும் தொட்டு ஓடிற்று. படித்துறையில் மேல் நாலு படிகள்தான் வெளியே தெரிந்தன. மற்றதெல்லாம் செம்மண் நிறத் தண்ணீருக்கு அடியில் இருந்தது.

அம்மா காலையில் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் கிளறி வைத்துவிட்டு, நாங்கள் கண் விழிப்பதற்குள் பந்தலுக்குப் போய்விட்டாள். அப்பாவுக்கு அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை. அன்றைக்கு அவசர ஆர்டர் இருந்ததால் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரும் கிளம்பிவிட்டார். எங்களை ஆற்றுக்கு அழைத்துப் போக வேண்டியது அத்தையின் பொறுப்பு. அத்தை அப்பாவுக்கு மூத்தவர், பக்கத்துத் தெருவில் இருந்தார். தம்பியைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிட்டது நான். கிளிப்பச்சை நிறத்தில் ஒரு சட்டை. அதில் இரண்டாவது பட்டன் அறுந்து போயிருந்தது. வேறு சட்டை தேடச் சோம்பல்பட்டு, அந்த இடத்தில் ஓர் ஊக்கைக் குத்திவிட்டேன்.

போகிற வழியில் பந்தலில் அம்மாவைப் பார்த்தோம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் வந்து சேர்ந்துவிட்டார்கள். அதில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று அம்மாவின் இடுப்பைவிட்டு இறங்கமாட்டேன் என்று கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. அம்மா மேஜைக்குப் பின்னாலிருந்தே எட்டி, தம்பியின் கையைப் பிடித்து என் கைக்குள் வைத்தாள்.

"அத்தை பூசையில இருப்பாங்க. நீதான் பாத்துக்கணும். எது வந்தாலும் கையை விடக் கூடாது."

அந்தப் பெண் குழந்தையின் வாயில் எங்கள் வீட்டு அதிரசம் இருந்தது. எங்களுக்கு வீட்டில் ஆளுக்கு ஒன்று என்று கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்த அதிரசம். நான் அதைப் பார்த்தேன், பார்த்ததை அம்மா பார்க்கவில்லை.

தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அவன் மறு கையில் சப்பரம் இருந்தது. ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போகிற சிறு தேர். மரச் சக்கரம், மூங்கில் குச்சி, மேலே சிவப்புக் காகிதம் ஒட்டியது. அந்தக் கூட்டத்தில் அதைத் தூக்கிக்கொள்ளச் சொன்னால் கேட்கமாட்டான், இழுத்துத்தான் வருவான். இரண்டடிக்கு ஒரு தரம் அது யார் காலிலாவது மாட்டும், நான் குனிந்து எடுத்துவிட வேண்டும். அத்தை ஒரு வழியாகப் படியில் இடம் பிடித்து, வாழை இலை போட்டு, காதோலை கருகமணி எல்லாம் எடுத்து வைத்துப் பூசையை ஆரம்பித்தார். தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிற பெண்களும், கல்யாண மாலையை ஆற்றில் விட வந்த புதுத் தம்பதிகளும் நெருக்கியடித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஒதுங்கினோம்.

ஒதுங்கின இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வளையல்காரர் துணி விரித்திருந்தார். அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் இழுக்கிறேன். தம்பி படிப் பக்கம் இழுக்கிறான். அந்த நேரம் பார்த்துச் சப்பரக் கயிறு ஓர் அம்மாளின் காலைச் சுற்றிக்கொள்ள, அவர் கையிலிருந்த முளைப்பாரிக் கிண்ணம் கவிழ்ந்துவிட்டது. அவர் தம்பியை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பிடித்து, இத்தனை பெரிய பெண்ணுக்குச் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையா, உன்னையெல்லாம் யார் வளர்த்தது என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கத் திட்டினார். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ ஒரு குழந்தைக்காக மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தம்பியின் கையை உதறிவிட்டேன்.

"எங்கயாச்சும் போய்த் தொலை!"

சொல்லிவிட்டு வளையல்காரரிடம் போய் உட்கார்ந்தேன். கருநீலத்தில் பொன் புள்ளி வைத்த வளையல் ஒரு சரம் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தேன், அதற்கடுத்த சரத்தையும் பார்த்திருப்பேன். அவ்வளவுதான். திரும்பியபோது தம்பி நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள்.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை. எங்கே போய்விடுவான் என்ற மிதப்பில் சுற்றிப் பார்த்தேன். அத்தையின் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவர் ஆற்றைப் பார்த்துக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார், பக்கத்தில் தம்பி இல்லை. மண்டபத்துத் தூண்களைச் சுற்றினேன். செருப்புக் குவியல், பொரி விற்கிற இடம், குரங்கு உட்கார்ந்திருந்த சுவர் எல்லாம் பார்த்தேன். பிறகுதான் ஆற்றைப் பார்த்தேன். அதுவரை வேண்டுமென்றே அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போது புரிந்தது.

மாலைகளும் பூக்களும் சுழித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் சிவப்புக் காகிதம் ஒட்டிய சப்பரம் ஒன்று தலைகீழாக மிதந்து போயிற்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. எல்லாச் சப்பரமும் ஒரே மாதிரிதான் இருக்கும். எது எங்களுடையது என்று யார் சொல்வது? நான் நின்ற படியில் தண்ணீர் என் கணுக்காலை இழுத்தது. ஒரு தாத்தா என் பாவாடையைப் பிடித்து மேலே இழுத்து, தள்ளி நில்லு பாப்பா என்றார்.

ஓடிப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். குழந்தை தொலைந்தால் எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்பது அன்றைக்குப் படித்துறையில் இருந்த அத்தனை பேரிலும் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். மூன்று தடவை பந்தல் வரைக்கும் போனேன். மூன்று தடவையும் கீற்று ஓரத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். இன்னும் ஒரே ஒரு சுற்றுத் தேடினால் கிடைத்துவிடுவான், அம்மாவுக்குத் தெரியாமலே போய்விடும் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றிற்று. அப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

நாலாவது தடவை நேராக மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். அம்மா குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். இடுப்பில் இன்னும் அந்தப் பெண் குழந்தை இருந்தது. மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தம்பியைக் காணோம்."

அம்மா நிமிரவில்லை. நோட்டில் அடுத்த வரிக்குப் பேனாவை நகர்த்திக்கொண்டே, எல்லாரிடமும் கேட்பதைப் போலவே கேட்டாள்.

"என்ன கலர் சட்டை?"

கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

என்னைப் பார்த்தாள். என் பக்கத்தில் யாரும் இல்லை என்பதைப் பார்த்தாள். அப்புறம் அதே கேள்வியையே மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை அது என்னிடம் கேட்ட கேள்வி. காலையில் அவள் கிளம்பும்போது தம்பி வெற்றுடம்போடு தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன சட்டை போட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

"கிளிப்பச்சை. காக்கி டிராயர்."

அம்மா மைக்கை எடுத்தாள். கிளிப்பச்சைச் சட்டை, காக்கி டிராயர், ஐந்து வயது, இடது புருவத்தில் தழும்பு என்று சொல்லி, பெயரையும் சொன்னாள். பார்த்தவர்கள் பந்தலுக்குக் கொண்டு வந்து விடும்படி கேட்டுக்கொண்டாள். என் பிள்ளை என்று சொல்லவில்லை. காலையிலிருந்து மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே குரல், அதே வேகம். மூன்று தடவை சொன்னாள். பிறகு பந்தலில் இருந்த மற்றப் பெண்களை நாலு பக்கமும் அனுப்பினாள். பரிசல்காரர் ஒருவரைக் கூப்பிட்டு அவரிடம் தாழ்ந்த குரலில் பேசினாள். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள். கேட்டது.

"பாலம் வரைக்கும் கரையோரமாப் பாத்துட்டு வந்துடுங்க. நாணல் இருக்கிற இடமெல்லாம் நல்லாப் பாருங்க."

மைக்கில் கேட்டுவிட்டு அத்தை ஈரப் புடவையோடு ஓடி வந்தார். வந்தவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மா மேஜையைவிட்டு எழுந்திருக்காமல் இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"பெத்த வயிறு பத்தி எரியலையா உனக்கு? அந்த மைக் சனியனைத் தூக்கிப் போட்டுட்டு எழுந்து போய்த் தேடும்மா!"

"தேடப் போயிருக்காங்க அண்ணி. நானும் போயிட்டா, யாராவது அவனைக் கூட்டிட்டு வந்தா இங்க யாரு இருப்பா? உக்காருங்க."

"ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்லுவாங்க. இங்க தன் பிள்ளை தண்ணியோட போச்சு!"

அம்மா இடுப்புக் குழந்தையை மடிக்கு மாற்றி உட்கார வைத்துக்கொண்டாள்.

நான் அத்தையின் கட்சியில் இருந்தேன். தொலைத்தது நான்தான். ஆனாலும் அம்மாவின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சினிமாவில் என்றால் இந்நேரம் ஒரு தாய் தலைமுடி அவிழ எல்லாத் திசையிலும் ஓடியிருப்பாள். எங்கள் அம்மா நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். அவர்களிடமும் சட்டை என்ன கலர் என்று கேட்டாள், எழுதினாள், மைக்கில் சொன்னாள். ஒரு விஷயம் மட்டும் மாறியிருந்தது. கலர் தெரியாமல் முழித்தவர்களை அதட்டவில்லை. பரவாயில்லை, யோசிச்சுச் சொல்லுங்க என்றாள். மத்தியானம் அந்தப் பெண் குழந்தையின் அப்பா வந்தார். அவரிடமும் இரண்டு மூன்று கேள்வி கேட்டுச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் குழந்தையைக் கொடுத்தாள். அந்த மனிதர் குழந்தையை அணைத்துக்கொண்டு அழுததைப் பார்க்க மாட்டாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மடி காலியானதும் அம்மாவின் கைகள் என்ன செய்வது என்று தெரியாதவை போல மேஜை மேல் கிடந்தன.

இரண்டு மணி இருக்கும், பரிசல்காரர் வந்தார். பந்தலுக்குள் வராமல் வெளியிலேயே நின்று அம்மாவைக் கண்ணால் கூப்பிட்டார். அவர் துண்டுக்குள் எதையோ சுருட்டி வைத்திருந்தார். அம்மா எழுந்தாள். எழுந்தவள் என்னையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

துண்டுக்குள் ஈரமாக ஒரு பச்சைச் சட்டை இருந்தது. சின்னப் பிள்ளையின் சட்டை.

"பாலத்துக் கால்ல மாட்டியிருந்துச்சும்மா. பழைய துணி நெறைய விடுறாங்க, அதுல வந்ததாவும் இருக்கலாம்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அம்மா அதை வாங்கி விரித்தாள். செம்மண் தண்ணீரில் ஊறி, கிளிப்பச்சையா இலைப்பச்சையா என்று தெரியாத ஒரு பச்சையாக இருந்தது. தம்பிக்கு அந்தச் சட்டை எடுத்தது அம்மாதான், போன தீபாவளிக்கு. ஆனாலும் அவளால் சொல்ல முடியவில்லை. சட்டையை என் முன்னால் நீட்டினாள். அதிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிற்று.

"இதுவா? நல்லாப் பாத்துச் சொல்லு. அவசரமில்ல."

நான் பட்டன்களைத் தொட்டுப் பார்த்தேன். மேலேயிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாப் பட்டனும் இருந்தன. இரண்டாவது பட்டன் நூல் விடாமல் கெட்டியாக இருந்தது.

"இது இல்லம்மா. அவனுக்கு ரெண்டாவது பட்டன் கிடையாது. நான் ஊக்கு குத்தியிருந்தேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அந்தச் சட்டையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பரிசல்காரரை நிமிர்ந்து பார்த்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அவர் தலையசைத்துவிட்டு மறுபடியும் ஆற்றுப் பக்கம் போனார். அம்மா எழுந்து மேஜைக்குப் போய், மைக்கை எடுத்து, கிளிப்பச்சைச் சட்டை, இரண்டாவது பட்டனில் ஊக்கு என்று சேர்த்துச் சொன்னாள். அப்போதுதான் முதல் முறையாகக் குரல் உடைந்தது. ஸ்பீக்கரில் அது கரகரவென்று கேட்டது. மைக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து, செட்டுக்காரர் வந்து ஒயரை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நாலரை மணிக்குக் கூட்டம் குறைய ஆரம்பித்திருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நெற்றி நிறையச் சமயபுரத்துக் குங்குமத்தோடு, பஸ் ஸ்டாப் பக்கமிருந்து வேகமாக வந்தார். அவர் தோளில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். ஊக்கு அப்படியே இருந்தது.

"மைக்ல பேசுற அம்மா நீங்கதானுங்களா?"

அவர் உப்பிலியபுரத்துக்காரர். நாலைந்து குடும்பமாக ஒரு லாரியில் ஆற்றுக்கு வந்திருக்கிறார்கள். பூசை முடிந்து, அப்படியே சமயபுரம் போய் மாரியம்மனையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதாக ஏற்பாடு. அவர்களுடைய பிள்ளைகளும் சப்பரம் வைத்திருந்தார்கள். சப்பரத்தோடு சப்பரமாகத் தம்பியும் லாரியில் ஏறிவிட்டான். இவர் பிள்ளை என்று அவர் நினைத்தார், அவர் பிள்ளை என்று இவர் நினைத்தார். லாரி கொள்ளிடம் பாலம் தாண்டுவதற்குள் அவன் தூங்கிவிட்டான். கோயிலில் பெரியவர்கள் வரிசையில் நிற்க, பிள்ளைகள் லாரியிலேயே கிடந்தார்கள். கிளம்பும்போது தலையை எண்ணினால் ஒரு தலை அதிகம்.

"ஒண்ணு கொறஞ்சாத்தான் தேடுவாங்க, கூடுனா யாரு தேடுவா? எந்திரிச்சதும் ஒரே அழுகை. யாருடா உங்கம்மான்னு கேட்டா, எங்கம்மா மைக்ல பேசுவாங்கன்னான். காலையில இந்தக் குரலைக் கேட்டேனே, அதான் பஸ்ஸப் புடிச்சு ஓடியாந்தேன். பெத்தவ எப்படித் துடிக்கிறாளோன்னு இருந்துச்சு."

அவருடைய லாரி அவரை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டது. துறையூரில் பஸ் மாறி அவர் தனியாகத்தான் வீடு போய்ச் சேர வேண்டும்.

அம்மா தம்பியை வாங்கினாள். அவன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டான். அவள் அவனைத் தோளில் போட்டுக்கொண்டே நோட்டை விரித்து, அவனுடைய வரியில், குழந்தையைப் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். பிறகு அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மிச்சமிருந்த புளியோதரையைச் சாப்பிட வைத்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தாள். அதுவரையிலும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு, தம்பியைக் கொல்லைக் குழாயடிக்குக் கூட்டிப் போய் அம்மா வெகு நேரம் குளிப்பாட்டினாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்குத் தலை துவட்டி அனுப்பிவிட்டு உள்ளே வந்தவள், ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி என் எதிரில் உட்கார்ந்தாள்.

"கையை நீ விட்டியா, அவன் உதறிட்டு ஓடினானா?"

"அவன்தான் உதறிட்டு ஓடினான்" என்றேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, வா, சாப்பிடு" என்றாள்.

அப்பா வந்தபோது அத்தை எல்லாவற்றையும் அழுகையோடு சொல்லி முடித்தார். அப்பா தம்பியைப் பிடித்து இழுத்துக் கையை ஓங்கினார். அம்மா நடுவில் போய் நின்றாள்.

"அவனும் குழந்தை, அவளும் குழந்தை. விட்டுட்டுப் போனவ நான். அடிக்கிறதா இருந்தா என்னை அடிங்க."

அப்பா ஓங்கின கையால் தன் தலையைத் தடவிக்கொண்டு வெளியே போய்விட்டார். தம்பி ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதியில் அன்று இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் அம்மா பந்தலுக்குப் போக மாட்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். போனாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தை கையை நீட்டியபோது, "இல்லண்ணி, அவ பாத்துப்பா" என்று தம்பியின் கையை என்னிடமே கொடுத்தாள். அம்மா இவ்வளவு ஏமாளியாக இருக்கிறாளே என்று அப்போது நினைத்தேன். முழங்கால் ஒத்துழைக்காமல் போகும்வரை, எழுபது வயது தாண்டியும் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எண்பத்தாறு வயது வரை இருந்தாள். போன புரட்டாசியில் ஒரு மத்தியானம், ரேஷன் கார்டுக்கு யாருக்கோ மனு எழுதிவிட்டுச் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. எங்கள் சந்தில் அன்று நிற்க இடமில்லை. நாங்கள் பெயர்கூட அறியாதவர்கள் எங்களைவிட அதிகமாக அழுதார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நானும் தம்பியும் வீட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தோம். அவனுக்கு இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. ஏதோ பேச்சில் அந்தப் பதினெட்டாம் பெருக்கு வந்தது. இனிமேலும் அதைச் சுமப்பானேன் என்று, அன்றைக்கு அம்மாவிடம் நான் பொய் சொன்னதைச் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமே. குழாயடியில தண்ணி ஊத்தும்போதே நான் சொல்லிட்டேன். அக்கா போய்த் தொலைன்னு சொல்லிச்சு, அதான் போனேன்னு. யார்கிட்டயும் சொல்லாதப்பா, அக்கா ஏற்கெனவே பயந்து போயிருக்கான்னு அம்மா சொன்னாங்க. நானும் சொல்லல."

குழாயடியிலிருந்து அம்மா நேராக அடுப்படிக்குத்தான் வந்தாள்.

அப்படியென்றால் என் எதிரில் வந்து உட்கார்ந்தபோதே அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்த பிறகுதான் கேட்டாள். கேட்டுவிட்டு அத்தனை நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான் பதில் சொல்லி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இன்னும் ஏதாவது சொல்லப் போகிறேனா என்று பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், அதற்கு ஒரு பதில் சொன்னால் போதும் என்பதுதான்.